என் பெயரில் ஏற்கெனவே ஒருவர்

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தில் இணையப் பாதுகாப்பு குறித்த ஒருநாள் பயிற்சிக்கு எல்லாரையும் அனுப்பினார்கள். காலை வகுப்பு முடியும் தறுவாயில் பயிற்றுநர் ஒரு சிறு வேலை கொடுத்தார். அடையாள அட்டையில் உள்ளபடியே அவரவர் முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகுளில் தேட வேண்டும். நம்மை அறியாத ஒருவருக்கு நம்மைப் பற்றி என்னென்ன கிடைக்கும் என்பதைத் தாளில் எழுதித் தர வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்த சீன நண்பருக்குப் பக்கம் பக்கமாக முடிவுகள் வந்தன. அவற்றில் ஒன்றுகூட அவரைப் பற்றியது அன்று. எனக்குக் கிடைத்தவை பதினொன்றுதான். நான்கு, நான் மூச்சிரைக்க ஓடி முடித்த அரை மராத்தான் பந்தயங்களின் முடிவுப் பட்டியல்கள். ஒன்று, பேருந்து நிறுத்தக் கூரை பற்றி எப்போதோ நாளிதழுக்கு நான் எழுதிய கடிதம். மற்றவையும் அதே தரத்தில்தான் இருந்தன. ஒன்பதாவது மட்டும் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்புக்கு இட்டுச் சென்றது. 1950-களின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆங்கில நாளிதழின் உட்பக்கம் அது. நான் பிறந்தது 1971-இல்.

பக்கத்தின் கீழ்மூலையில், டயர் விளம்பரம் ஒன்றுக்கு மேலே, என் பெயர் மஞ்சள் பூசி நின்றது. என் பெயர், அடுத்து இன்னாரின் மகன் என்பதற்கு நாம் போடும் அந்த 'எஸ்' கோடு 'ஓ', அதன்பின் என் தந்தையின் பெயர். ஓர் எழுத்துகூட மாறவில்லை. தொகுப்பில் ஏதோ தேதிக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அது நானல்லேன், தாத்தா என்று உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தப் பெயர் எனக்கு முன்பே அவருடையது. நான்தான் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தவன்.

வெளிநாட்டு நண்பர்களுக்கு இதை விளக்குவதற்குள் காப்பி ஆறிவிடும். தமிழர்களுக்கு ஒரு சொல் போதும். பேரன் என்றால் பெயரன். பாட்டனின் பெயரைத் தாங்குபவன். எங்கள் குடும்பத்தில் இந்த வழக்கத்தைத் தலைமகன் விஷயத்தில் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறார்கள். தாத்தாவின் பெயர் எனக்கு. தாத்தாவின் தந்தை பெயர் என் அப்பாவுக்கு. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. சொந்தப் பெயரும் தந்தை பெயரும்தான். ஆகவே இரண்டு பெயர்கள் மாறி மாறி இடம் மாற்றிக்கொண்டு வருகின்றன. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை, முழுப் பெயரே அச்சாக அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. தாத்தாவின் அடையாள அட்டையையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆள் இரண்டு முறை பதிவு செய்துகொண்டதாகத் தோன்றும்.

(அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அடுத்த பயிற்சியில் என் பெயரைத் தேடும்போது பன்னிரண்டாவது முடிவாக இந்தப் பதிவே வந்து நிற்கும். அதோடு இந்தக் கதையில் இன்னொருவர் பெயரும் வருகிறது. அதை வெளியிட எனக்கு உரிமை இல்லை.)

தாத்தாவின் பெயர் வீட்டில் ஒலித்து நான் கேட்டதில்லை. அவர் 1969-இல் இறந்தார். அப்பாயி கணவர் பெயரை வாயால் சொல்லாத காலத்துப் பெண். அந்தப் பெயரையே எனக்கு வைத்துவிட்டதால் என்னையும் அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நான் தவழும் வயதிலேயே அவருக்கு நான் 'பெரியவர்'தான். "பெரியவர் பால் குடிச்சாச்சா?" என்றுதான் என் அம்மாவிடம் கேட்பாராம். தொடக்கப்பள்ளியில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டபோது முதல் நாள் நான் எழுந்து நிற்கவே இல்லை என்று அம்மா சொல்வதுண்டு. பள்ளியில் அந்தப் பெயர் பட்ட பாடு தனி. வழக்கமான எழுத்துக்கூட்டல் இல்லை அது. முத்து என்பதை இரண்டிரண்டு 'ஓ' போட்டு ஆங்கிலத்தில் எழுதிய வெள்ளைக்காரன் காலத்துக் கூட்டல். நடுவில் தேவையே இல்லாத ஓர் 'எச்' வேறு. ஒவ்வோர் ஆண்டும் புது ஆசிரியர் அதை ஒரு புது விதமாக வாசிப்பார், வகுப்பு சிரிக்கும். திருத்திக்கொள்ளலாமே என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார்.

காரணம் இப்போதுதான் தெரிந்தது. மலாயாவின் அவசரநிலைக் காலத்தில், 1948-இல், சிங்கப்பூரில் முதன்முதலாக எல்லாருக்கும் அடையாள அட்டை வழங்கினார்கள். புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட காகித அட்டை அது. தாத்தா தம் பெயரை வாயால் சொல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கிராணி, அதாவது எழுத்தர், தம் காதுக்கு எட்டியபடி எழுதினார். தாத்தாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த மேசையில் எதிர்த்துப் பேசியிருக்கமாட்டார். நான் பிறந்தபோது என் அப்பா அந்தப் பழைய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிறப்பைப் பதியப் போனார். அங்கிருந்தவர் நல்லெண்ணத்தோடு கூட்டலைச் சரிசெய்ய முயன்றபோது அப்பா அட்டையை எடுத்து நீட்டி, இதில் உள்ளபடியே வேண்டும் என்று நின்றுவிட்டார். அன்று அவர் விட்டுக்கொடுத்திருந்தால் அந்த ஒன்பதாவது முடிவு எனக்கு வந்திருக்காது. ஒரு கிராணியின் செவிப்பிழை இருபது ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாகக் கடத்தப்பட்டதால்தான் இயந்திரம் எங்கள் இருவரையும் ஒன்றாகச் சேர்த்தது.

இந்த அதிர்ஷ்டம் எவ்வளவு அரிது என்பது அடுத்த சில வாரங்களில் விளங்கியது. ஆர்வத்தில் வம்சாவளித் தேடலுக்கான தளங்களில் நுழைந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் முதலில் கேட்பது குடும்பப் பெயர். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் உள்ளே விடுவதில்லை. அப்பாவின் பெயரை இட்டால், அதே பெயரைத் தாங்கிய, நமக்கு எந்த உறவும் இல்லாத நூறு பேர் வந்து நிற்கிறார்கள். விமான நிலையங்களில் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லி 'மிஸ்டர்' போட்டு அழைப்பதும் இதே கட்டத்தின் வேலைதான். தமிழரிடம் குடும்பப் பெயர்போல் ஒட்டிக்கொண்டிருந்தது ஒன்று உண்டு: சாதிப் பட்டம். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு அதைப் பெயரிலிருந்து நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதே ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போனார். 1932-இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. தாத்தாவின் வால் எப்போது அறுந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு விருப்பம் இல்லை. அறுந்தது நல்லது. அதனால் தேடுவது கடினமாகிவிட்டது என்று வருந்துகிறவர்கள் வருந்தட்டும். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

செய்திக்கு வருகிறேன். மொத்தம் பதினாறு வரி, ஒரே பத்தி. துறைமுகத்தில் கப்பல் ஒன்றிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தொழிலாளி சரக்கறைத் திறப்பின் விளிம்பிலிருந்து கீழே விழுந்து இறந்தார், வயது 24. மரண விசாரணையில் சாட்சி சொன்னவர் என் தாத்தா. மண்டோர், வயது 34. உச்சிவேளையில் சாப்பிட வரும்படி தாம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகவும், அவர் குரல் வந்த பக்கம் திரும்பியதாகவும், அப்போது கால் தவறியதாகவும் தாத்தா கூறியிருக்கிறார். வேறு எவர்மீதும் குறை இல்லை, தற்செயலாக நேர்ந்த மரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அவ்வளவுதான்.

தாத்தா துறைமுகத்தில் கிராணியாக இருந்தார் என்றுதான் நான் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். மண்டோர் என்றால் இருபது முப்பது ஆட்களை வைத்து வேலை வாங்கும் மேலாள். காலையில் பேர் எழுதி மாலையில் கணக்குக் கொடுப்பவர். அது கேவலமான வேலை அன்று. ஆனால் பிள்ளைகளின் பள்ளிப் படிவத்தில் எழுதும்போது அவரோ அப்பாயியோ அதைக் கிராணியாக்கியிருக்க வேண்டும். காற்சட்டையும் பேனாவும் கொண்ட வேலைக்கு அந்த நாளில் இருந்த மதிப்பு அப்படி. இந்தச் சிறு பொய் எனக்குச் சிரிப்பைத்தான் தந்தது. என்னை நிறுத்தியது வேறு: இறந்தவரின் பெயர். அது என் சித்தப்பாவின் பெயர்.

சித்தப்பாவின் பெயர் எங்கள் குடும்பத்தில் எப்போதும் ஒரு கேள்விக்குறி. நாங்கள் இந்துக்கள், வீட்டில் முருகனும் மாரியம்மனும்தான். அவருக்கு மட்டும் ஒரு கிறித்தவப் புனிதரின் பெயர். 1971-ஐ ஒட்டி அவர் கட்டாய ராணுவப் பணியான தேசியச் சேவைக்குச் சென்றபோது, படிவம் எழுதியவர் பெயரைப் பார்த்ததும் கேள்வியே கேட்காமல் சமயத்தையும் நிரப்பிவிட்டாராம். அதன் பலனாக ஞாயிற்றுக்கிழமை காலையில் முகாமிலிருந்து தேவாலயத்துக்குப் போய்வர அனுமதி கிடைத்ததாகவும், தாம் பல மாதங்கள் அந்தப் பிழையைத் திருத்தச் சொல்லவே இல்லை என்றும் அவர் தீபாவளிதோறும் சொல்லிச் சிரிப்பார். பெயருக்கான காரணமாக அப்பாயி சொல்லிவந்தது நேர்த்திக்கடன். சித்தப்பா வயிற்றில் இருந்தபோது உடம்புக்கு முடியாமல் போனதாம். ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து மாதா கோயிலில் வேண்டிக்கொண்டாராம். இதில் யாரும் வியப்படையவில்லை. அந்தத் தேவாலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பப்பட்டு 1888-இல் கட்டி முடிக்கப்பட்டது. நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் போன்ற குடும்பங்களுக்கு வேளாங்கண்ணி மாதாவுக்கும் நாகூர் ஆண்டவருக்கும் வேண்டிக்கொண்டு பிள்ளைக்குப் பெயர் வைப்பது புதிதும் அன்று. எனவே கேள்விக்குறி இருந்தாலும் பதிலும் கூடவே இருந்தது. சித்தப்பா பிறந்தது இந்தச் செய்தி வெளியாகி மூன்று மாதங்களுக்குப் பிறகு.

அதன்பின் இரண்டு மாதம் சனிக்கிழமைகளை விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் கழித்தேன். ஆங்கில நாளிதழ்களைத் தேட வீட்டிலிருந்தே முடியும். ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் 1845-இல் தொடங்கியது முதல் உள்ள இதழ்கள் படமாக்கப்பட்டு இயந்திரத்தால் எழுத்துணரப்பட்டிருக்கின்றன. ஆனால் இயந்திரத்தின் கண்ணுக்கும் அந்தக் கிராணியின் காதுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மங்கிய அச்சில் 'ஆர்' எழுத்தும் 'என்' எழுத்தும் ஒட்டி நின்றால் அது 'எம்' என்று படித்துவிடும். வரி முடிவில் பெயர் இரண்டாக உடைந்தால் இரண்டு அந்நியர்களாகக் கருதிக்கொள்ளும். ஆகவே பெயரைப் பிழையாகத் தேடுவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். ஒரு 'ஓ'வோடு, இரண்டு 'ஓ'வோடு, 'யு' போட்டு, 'எச்' இல்லாமல், கடைசி எழுத்தை விழுங்கி, தந்தை பெயரை விட்டு, தந்தை பெயரை மட்டும் வைத்து என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். முப்பத்தேழு கூட்டல்கள். வந்தவர்களில் மிதிவண்டிக்கு விளக்கில்லாமல் போய் அபராதம் கட்டியவர் ஒருவர், ஹாக்கி அணியில் பின்காப்பாளர் ஒருவர், சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறிய மாணவர் ஒருவர். எவரும் தாத்தா அல்லர். ஆனாலும் இத்தனை பேரும் என் பெயரை ஏதோ ஒரு வடிவில் சுமந்துகொண்டு இதே தெருக்களில் நடந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஊர்ப் பெயர்களை வைத்துத் தேடியதில் இன்னொன்று புரிந்தது. அப்பா தலைமுறைக்கு முந்தியவர்கள் தெருக்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய் இருந்த இடம் சுண்ணாம்புக் கம்பம். கிராஸ் ஸ்திரீட் பால்கடைச் சடக்கு; சடக்கு என்றால் சாலை. செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கித் தெரு. இந்தப் பெயர்களை ஆங்கில நாளிதழ்த் தேடலில் இட்டால் ஒன்றும் வராது. தாத்தா ஒரு சடக்கில் வாழ்ந்தார்; அவரைப் பற்றிய பதிவு வேறொரு சாலையில் இருக்கிறது. இரண்டும் ஒரே இடம் என்று தெரிந்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் இணைப்பு.

தமிழ் நாளிதழ்களுக்குத் தேடல் கட்டத்தை நம்பாமல் நாள்வாரியாகப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே நல்லது என்று முடிவு செய்தேன். சிங்கப்பூரில் 1887-இலேயே சிங்கை நேசன் வெளிவந்திருக்கிறது. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது. எனக்கு வேண்டிய வாரம் எது என்று தெரிந்திருந்ததால் வேலை எளிதாயிற்று. ஆங்கிலச் செய்திக்கு இரண்டு நாள் முந்தைய தமிழ் இதழில், விசாரணைக்கு முன்பே, அந்த மரணம் எட்டு வரியில் வந்திருந்தது. ஆங்கில நிருபருக்கு அவர் ஓர் இந்தியத் தொழிலாளி, வயது 24. தமிழ் நிருபரோ முதல் வரியிலேயே ஊரைச் சொல்லிவிட்டார்: தஞ்சை மாவட்டத்தில் இன்ன சிற்றூர். இந்நாட்டில் உறவினர் எவரும் இல்லை என்றும், உடன் வேலை செய்தோர் பணம் திரட்டி நல்லடக்கம் செய்தனர் என்றும் எழுதியிருந்தார். அந்த ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு பேரும் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறியவர்களாகத்தான் இருக்க வேண்டும். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வராத குடும்பம் அந்தப் பக்கத்தில் குறைவு.

தமிழ் இதழ்களைப் புரட்டியதில் கேட்காத பரிசு ஒன்றும் கிடைத்தது. 1950-களில் தமிழ் முரசின் நிறுவனர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்பதற்காக. ஆளுக்கு ஒரு வெள்ளி. தொழிலாளர்கள்தான் பெரும்பாலும் கொடுத்தார்கள். நன்கொடையாளர் பட்டியல் ஒன்றில், துறைமுகப் பகுதியான தஞ்சோங் பகார் என்ற தலைப்பின்கீழ், என் பெயர் தமிழில் இருந்தது. தந்தை பெயர் இல்லை, வயது இல்லை, வேறொருவராகவும் இருக்கலாம். நான் அவர்தான் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். ஆங்கிலத்தில் அத்தனை அலங்கோலப்பட்ட பெயர் அங்கே இரண்டு பிழையற்ற சொற்களாக, கம்பீரமாக நின்றது. என் மகன் தமிழ் மொழித் தேர்வுக்கு முணுமுணுத்துக்கொண்டு படிக்கும்போது அந்த ஒரு வெள்ளியைச் சொல்லிக் காட்டலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை, அவனுக்கு அது மூதாதையர் பேரைச் சொல்லி மிரட்டுவதாக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் அப்பாவிடம் போனேன். முன்பே போயிருக்க வேண்டும் என்று என் மனைவி சொன்னார், சரிதான். அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. தோ பாயோவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஐந்தாம் மாடியில், நடைபாதையில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அச்செடுத்த தாளைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் டயர் விளம்பரத்தைப் படித்தார். பிறகு மேலே வந்தார். வெகுநேரம் பேசவில்லை.

அந்த விபத்து நடந்தபோது அவருக்கு ஆறு அல்லது ஏழு வயது. இறந்தவரின் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆனால் வீட்டுக்கு ஓர் அண்ணன் வருவார் என்று நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாயி கையால் சாப்பிட்டுவிட்டுப் போவார். வரும்போது காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே என்னும் கடலைக் கலவை வாங்கி வருவார். அதில் பொரித்த கடலையை அவரே தின்றுவிட்டு, சர்க்கரை பூசிய வெள்ளைக் கடலையைப் பொறுக்கி எனக்குக் கொடுப்பார் என்றார் அப்பா. பிறகு வருவது நின்றுவிட்டது. ஊருக்குப் போய்விட்டார் என்று அப்பாயி சொல்லியிருக்கிறார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் அப்பா அதை நம்பிக்கொண்டிருந்தார், இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுகூட, "இவர்தானா அவர்?" என்று இரண்டு முறை கேட்டார்.

எழுந்து வர இருந்தபோது அவராகவே ஒன்று சொன்னார். தாத்தா பிள்ளைகளிடம் அதிகம் பேசுகிறவர் அல்லர். ஆனால் குரல் பெரிது. பிள்ளைகளை எல்லாம் தெருமுனையிலிருந்தே கூப்பிடுவார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சித்தப்பாவை அவர் கூப்பிடமாட்டார். "தம்பியக் கூட்டிட்டு வா" என்று எப்போதும் அப்பாவைத்தான் அனுப்புவார். அது ஏன் என்று அப்பா யோசித்ததே இல்லை. மூத்தவன் செய்ய வேண்டிய வேலை என்றே நினைத்திருந்தாராம்.

அந்த மனிதரின் கல்லறையைத் தேடலாம் என்ற எண்ணம் எனக்கு ஒரு வாரம் இருந்தது. அக்காலத்துக் கிறித்தவர்களின் பெரிய இடுகாடு பிடாடாரி. 1972-இல் அது மூடப்பட்டது, 2001-க்குப் பின் கல்லறைகள் அகற்றப்பட்டன. இன்று உட்லீ ரயில் நிலையத்தில் இறங்கினால் அங்கே புது வீவக குடியிருப்பும் பூங்காவும்தான். சுவா சூ காங் இடுகாட்டில் புதைக்கப்படுபவர்களுக்கும் இப்போது பதினைந்து ஆண்டுதான். இந்தத் தீவில் இறந்தவர்களுக்கு நிரந்தர முகவரி கிடையாது. உறவினர் இல்லாதவருக்குக் கேட்கவே வேண்டாம். தாத்தாவுக்கும் இங்கே கல்லறை இல்லை, ஆனால் நாங்கள் இருக்கிறோம். ஆகவே சித்தப்பாவிடம் போவதுதான் மிச்சம்.

அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மனிதரிடம் எழுபது வயதுக்கு மேல் போய், நீங்கள் மாதாவின் அருளால் பெயர் பெற்றவர் இல்லை, ஒரு விபத்தினால் பெயர் பெற்றவர் என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம் என்று எனக்கே தெளிவாகவில்லை. அதற்கு ஆதாரமும் முழுமையாக இல்லை. அந்தப் பெயர் கத்தோலிக்கரிடையே தெருவுக்கு ஒன்று இருக்கும். அப்பாயி வேண்டிக்கொண்டதும் உண்மையாக இருக்கலாம், இறந்தவரின் பூசைக்குப் போன இடத்திலேயே வேண்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் அப்பா தொலைபேசியில் முந்திக்கொண்டார். சித்தப்பாவே என்னைக் கூப்பிட்டு, தாளை எடுத்துக்கொண்டு வா என்றார்.

செங்காங்கில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தோம். அவர் தாத்தாவின் சாட்சியத்தை வேகமாகப் படித்துவிட்டு, மறுபடி மேலே போய் இறந்தவரின் பெயரிலேயே நின்றார். விரலை எழுத்து எழுத்தாக நகர்த்தினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து அறைக்குள் போய், அவர் தலைமுறையினர் இன்றும் மலாயில் 'சூராட் பெரானாக்' என்றே சொல்லும் தம் பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்தார். மடிப்புகளில் கிழிந்து ஒட்டுநாடா போட்ட பழுப்புத் தாள், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

அவர் பெயரின் ஆங்கிலக் கூட்டலை நான் அதுவரை கவனித்ததே இல்லை. கடைசி எழுத்தான 'ஒய்'க்கு முன்னால் அதில் ஓர் 'ஈ' இருக்கிறது. அந்தப் பெயரை எழுதும் எவரும் அங்கே 'ஈ' போடுவதில்லை. பள்ளியிலும் வங்கியிலும் மருந்தகத்திலும் வாழ்நாள் முழுக்க, 'ஈ' உண்டு, 'ஈ' உண்டு என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். செய்தித்தாளில், அச்சுக்கோப்பவர் கை தவறியதோ நிருபர் தவறாகக் கேட்டாரோ, இறந்தவரின் பெயரிலும் அதே இடத்தில் அதே 'ஈ'.

"உங்க தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எதையோ காட்டித்தான் எழுதச் சொல்லியிருக்கார்" என்றார் சித்தப்பா. பிறகு அந்த விபத்தின் தேதியைக் கேட்டார். செய்தி வெளியான தேதியைச் சொன்னேன். அது வேண்டாம், விழுந்த நாள் வேண்டும் என்றார். தமிழ் இதழின் நகலைப் பார்த்துச் சொன்னேன். அவர் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த கோயில் நாள்காட்டியைக் கழற்றி வந்து மேசையில் வைத்து, மாதத்தைப் புரட்டி, அந்தக் கட்டத்தில் பேனாவால் பெயரை ஆங்கிலத்தில் எழுதினார். 'ஈ'யை விடவில்லை.